கடைமடை வீட்டுக்கும் சேர வேண்டும்: நெல்லை மாநகர வசதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளையார் கோயில் திண்ணையில் நடக்கும். தண்ணீர், சாக்கடை, குப்பை, வரி, பஸ் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலிலிருந்து கேட்பார்கள், பழையவர்கள் கோபத்தோடு திரும்பக் கேட்பார்கள். செயலாளர் என்ற முறையில் வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பல இடங்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. அதைச் சங்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன்.

பகுதி சபை என்கிறார்களே, அது கிராம சபை மாதிரியா?

ஏறக்குறைய அப்படித்தான். நெல்லை மாநகராட்சியில் 55 வார்டுகள், நான்கு மண்டலங்கள்: திருநெல்வேலி, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம். 1994-ல் இந்த ஊர்களைச் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபையில் எழுந்து நின்று கேட்கும் உரிமை இருந்தது, நகரத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு மேடை வெகுநாள் இல்லாமலே போனது. 2022-ல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபை. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டம் கூட்டினார்கள்.

அந்தப் பகுதியின் வாக்காளர் யாரும் வரலாம், பேசலாம். சொந்த வீடு வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வாடகைக்கு இருக்கிறோமே என்று ஒதுங்கி நிற்பவர்களை நான் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் அதே குழாய்தான்.

கவுன்சிலர் தெரிந்தவர்தான். போனில் சொன்னால் வேலை முடிந்துவிடுகிறது. கூட்டம் எதற்கு?

உங்களுக்கு அவரைத் தெரியும், சரி. தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. போனில் சொல்லி முடிகிற வேலை, போன் நம்பர் வைத்திருப்பவர் வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் சொன்னால் பதிவேட்டில் ஏறும், அடுத்த கூட்டத்தில் "அது என்னாச்சு?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆறு இவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் ஏன் சரியாக வருவதில்லை?

எங்கள் திண்ணையில் அதிக நேரம் எடுப்பது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. கர்நாடகத்தோடோ கேரளத்தோடோ பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய நிலை நமக்கு இல்லை. ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கி, அங்கிருந்து நீரேற்றி, மேல்நிலைத் தொட்டியில் சேர்த்து, தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு விடுகிறார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு வராததற்குக் காரணம் வழியில் எங்கும் இருக்கலாம். மோட்டார் பழுதாகியிருக்கலாம், மின்சாரம் நின்றிருக்கலாம், தொட்டி நிறையாமலே வால்வைத் திறந்திருக்கலாம், பழைய குழாய் எங்கோ உடைந்து தரைக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆற்றில் தண்ணீர் இல்லை என்ற பதிலை யாராவது சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ளாமல் இவற்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

நாம் பேசத் தயங்குகிற காரணம் இன்னொன்று உண்டு. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அது விதிப்படி தப்பு, எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நடக்கிறது. வயல்காட்டு ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலில் மடை. மேல்மடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டால் கடைமடை வயல் வெடித்துப்போகும். முறைவைத்துப் பாய்ச்சினால்தான் கடைசி வயலும் விளையும். தெருக்குழாயும் ஒரு வாய்க்கால்தான். அதனால் ஒரு திட்டம் நல்லதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல் போதும்: அது கடைமடை வீட்டுக்குப் போய்ச் சேருகிறதா?

இதில் ஒரு சகோதரி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். ஆண்கள் எல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாளா, தினமுமா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, "தினமும் வேண்டாம் அண்ணாச்சி, எப்போ வரும்னு சொல்லிருங்க, போதும்" என்றார். அவர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். தண்ணீருக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காத்திருந்து, அது வராமல் வேலைக்குப் போய், திரும்பி வந்தால் பகலில் வந்து போயிருக்கும். அன்றிலிருந்து எங்கள் கோரிக்கையில் முதல் வரி நேரம்தான்: எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வால்வு திறப்பார்கள் என்பதை எழுதி ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கத்தான் வேண்டுமா? எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் நன்றாகத்தானே இருக்கிறது?

செப்டிக் டேங்க் இருக்கிறது. அதன் வழிந்தோடும் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? நம் தெருக்களில் பாதி வீடுகளில் அது வாறுகாலுக்குப் போகிறது. வாறுகால் ஓடைக்கு, ஓடை பாளையங்கால்வாய்க்கு அல்லது நெல்லை கால்வாய்க்கு அல்லது நேராக ஆற்றுக்கு. மழைத்தண்ணீர் போகத் தோண்டிய வாறுகாலில் மலம் ஓடுகிறது என்பதுதான் உண்மை.

பாதாளச் சாக்கடையில் வீட்டுக் கழிவு சரிவான குழாயில் தானாக ஓடி, பள்ளமான இடத்தில் இருக்கும் கழிவுநீரேற்று நிலையத்துக்கு வரும். அங்கிருந்து பம்ப் செய்து ராமையன்பட்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். முதல் கட்டம் முடிந்து அடுத்த கட்டங்களின் வேலை நீண்டுகொண்டே வந்தது. குழாய் பதித்த தெருவில் வீடுகள் இணையாவிட்டால் அந்தச் செலவு மண்ணுக்குள் கிடக்கும்.

எதிர்க்கிறவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. வைப்புத்தொகை, மாதக் கட்டணம், வீட்டுக்குள் தரையை உடைத்துக் குழாய் மாற்றும் செலவு. இவை மூன்றும் சேர்ந்தால் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்குக் கஷ்டம்தான். தவணையில் கட்ட வழி கேட்க வேண்டும், அதைக் கூட்டத்தில் தீர்மானமாகவே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வேண்டவே வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

இணைப்பு வாங்கியவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யாதீர்கள். மொட்டைமாடி மழைத்தண்ணீரை அதில் விடாதீர்கள். கழிவுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பதித்த குழாய் அது. மழை நாளில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு கழிவு தெருவில் பாய்வதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்கச் சொல்லாதீர்கள். 2013-ல் வந்த சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இயந்திர வண்டி வரும்வரை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு உயிரை இறக்க முடியாது.

நம் ஊர்க் கழிவு ஆற்றில் கலந்தால் நமக்கென்ன? நாம் குடிப்பது மேலே எடுக்கும் தண்ணீர்தானே?

இப்படி ஒருவர் கேட்டபோது திண்ணையே அமைதியாகிவிட்டது. தூத்துக்குடிக்காரர்களுக்குக் குடிநீர் வல்லநாட்டுப் பக்கம் எடுக்கிறார்கள், நமக்குக் கீழே. நாம் சுலோசன முதலியார் பாலத்தடியில் விட்டது அவர்கள் உறைகிணற்றைத் தாண்டித்தான் போகிறது. நமக்கு மேலே அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் சேரன்மாதேவியும் இருக்கின்றன. அவர்களும் இதையே சொன்னால் நாம் எங்கே போவது?

ஆற்றில் கழிவு கலப்பது குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடக்கிறது. 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றங்கரையைச் சுற்றிப் பார்த்தார்கள். நீதிமன்றம் படித்துறைக்கு வரவேண்டியதாகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. குறுக்குத்துறையிலும் சிந்துபூந்துறையிலும் சின்ன வயதில் குதித்துக் குளித்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே பலர். இப்போது பேரப்பிள்ளையை அங்கே இறக்க யோசிக்கிறார்கள். ஆனால் நமது தெருக் கழிவு எந்த வாய்க்காலில் விழுகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஒரு நாள் காலையில் வாறுகால் ஓடும் திசையில் நடந்து பாருங்கள். நாங்கள் ஏழு பேர் நடந்தோம். முக்கால் மணி நேரத்தில் பாளையங்கால்வாயில் போய் நின்றோம்.

2023 வெள்ளத்துக்கு அணையைத் திறந்ததுதானே காரணம்? குளத்தில் வீடு கட்டியவர்களை ஏன் குறை சொல்ல வேண்டும்?

டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டியது சாதாரண மழை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. இங்கே கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றித் தண்ணீர், ஜங்ஷனில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர். அப்படிப்பட்ட மழையில் எந்த ஊரும் தத்தளித்திருக்கும். அணை திறப்பு பற்றிய முன்னறிவிப்பு கடைசித் தெரு வரை போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி நியாயமானது, அதை விடாமல் கேட்க வேண்டும். 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

ஆனால் மழை நின்ற பிறகும் சில நகர்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றதே, அதற்கு அணை காரணம் ஆகாது. இந்த ஊரில் குளங்கள் தனித்தனி இல்லை. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அந்த மறுகால் ஓடையில் சுவரோ ரோடோ வந்துவிட்டால் தண்ணீர் பழைய ஞாபகத்தில் வந்து நம் வரவேற்பறையில் நிற்கும். புதிய பஸ் ஸ்டாண்டே வேய்ந்தான்குளத்தில்தான் இருக்கிறது. அரசாங்கமே குளத்தில் கட்டும்போது இரண்டு சென்ட் வாங்கியவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது சரியில்லை. ஓடை எங்கே ஓடியது என்று வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்கிறது. அதை எடுத்து, முதலில் ஓடையைத் திறக்கச் சொல்ல வேண்டும். வீடு இழப்பவருக்கு மாற்று இடம் கொடுத்த பிறகுதான் இடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டி பணத்தில் ஊருக்கு என்ன கிடைத்தது?

2017 ஜூனில் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி நகரங்களின் பட்டியலில் நெல்லை சேர்ந்தது. சாலை, கட்டடம், விளக்கு என்று வேலைகள் நடந்தன. மக்கள் மனதில் நிற்பது ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட்தான். 2018-ல் இடித்தார்கள், மறுபடி பஸ் உள்ளே வர ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. அத்தனை வருடமும் வயதானவர்கள் வெயிலில் ரோட்டோரம் நின்று பஸ் ஏறினார்கள். சுற்றியிருந்த சின்னக் கடைகள் பல மூடிவிட்டன. கட்டடம் இப்போது நன்றாக இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டை போடவில்லை. அந்தக் கடைக்காரர்களுக்கு அந்த வருடங்கள் திரும்பி வராது.

இந்தத் திட்டங்களைத் தனி நிறுவனம் ஒன்று நடத்தியது. கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப்போட்டு முடிவெடுக்கும் முறையில் அது ஓடவில்லை. எதை இடிக்கலாம், எத்தனை நாளில் கட்டவேண்டும், அதுவரை பஸ் எங்கே நிற்கும் என்பதை ஊர் கூடிப் பேசியிருந்தால் குறைந்தபட்சம் தற்காலிக நிழற்குடையாவது நல்லதாக வந்திருக்கும்.

குப்பையைப் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில நாள் அப்படி நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கே வண்டி எண்ணைக் குறித்துச் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அதற்காகப் பிரிப்பதை நிறுத்தாதீர்கள்.

காரணம் ராமையன்பட்டி. ஊர்க் குப்பை மொத்தமும் அங்கேதான் குவிகிறது. மக்கும் குப்பை பிளாஸ்டிக்கோடு கலந்து குவிந்தால் உள்ளே அழுகி எரிவாயு உண்டாகிறது. கோடையில் தீப்பிடித்தால் லேசில் அணையாது, புகை நாள்கணக்கில் கிளம்பும். அதைச் சுவாசிப்பது அந்தப் பக்கத்து மக்கள், நாம் இல்லை. காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் தனியாகக் கொடுத்தால் அவை நுண்ணுரம் தயாரிக்கும் மையத்தோடு நின்றுவிடும், மேட்டுக்குப் போகாது. வீட்டில் இரண்டு வாளி வைத்தால் போதும்.

தூய்மைப் பணியைத் தனியாரிடம் விடலாமா என்று அடிக்கடி விவாதம் வரும். பணம் மிச்சமாகும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் நடத்தினாலும் கையில் குப்பை அள்ளுகிறவருக்குச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, பி.எஃப். பிடித்த பணம் கட்டப்படுகிறதா, கையுறை இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். இப்போதைக்கு ஒப்பந்த முறையில் அதில்தான் கை வைக்கிறார்கள், அதனால் நான் தனியார்மயத்துக்கு எதிர்.

கேரளாவிலிருந்து குப்பை கொண்டுவந்து கொட்டினார்களே, அது என்னாச்சு?

2024 டிசம்பரில் கோடகநல்லூர் போன்ற இடங்களில் மருத்துவக் கழிவைக் கொட்டியிருந்தது தெரியவந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. கேரளத்திலிருந்து லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் மக்கள் பார்த்ததும் சும்மா இராமல் வெளியே சொன்னதால் நடந்த காரியம் இது. கோடகநல்லூருக்காக நமக்கு வந்த கோபம் ராமையன்பட்டிக்காகவும் வர வேண்டும். அங்கே கொட்டுவது நம் வீட்டுக் குப்பை.

வரி இவ்வளவு ஏற்றிவிட்டார்கள். வசதி வராமல் ஏன் கட்ட வேண்டும்?

2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது நம் மாநகராட்சி போன்றவற்றில் 600 சதுர அடிக்குக் கீழே உள்ள குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். பென்ஷனில் வாழ்கிறவருக்கு இது பாரம்தான். பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் குறைவு என்ற முறை நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது.

கட்டாமல் இருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே ஆற்றைக் கடக்க வழியில்லாதபோது சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக்கொடுத்தார். 1843-ல் திறந்த பாலம், இன்றும் அதன் மேல்தான் போகிறோம். அவரை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஐந்து லட்சம் பேர் வாழும் ஊரின் கழிவுநீர்க் குழாயை எந்த வள்ளலும் தனியாகப் பதிக்க முடியாது. கட்டுங்கள், ரசீதை வைத்துக்கொண்டு கணக்குக் கேளுங்கள். அரையாண்டு தொடங்கியதும் ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும், அதிகபட்சம் 5,000 ரூபாய்.

பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்ப்பது நல்லதா?

அந்த ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டியது இது. சேர்ந்தால் நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலை போய்விடும், வரி ஏறும், கிராம சபையும் போகும். தண்ணீர் வரும் என்ற உறுதியை மட்டும் நம்பிச் சேர்க்கக் கூடாது. முதலில் குழாய் வரட்டும்.

மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. எப்படிக் கொடுத்தால் நடக்கும்?

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். செவ்வாய்க்கிழமை மாநகராட்சியில் மனு வாங்குகிறார்கள். மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். தண்ணீர், விளக்கு, நாய், குப்பை என்று நாலையும் ஒரே தாளில் எழுதினால் நாலு மேஜைக்குப் போக வேண்டிய தாள் ஒரு மேஜையிலும் தங்காது. தெருப் பெயர், மின்கம்ப எண், தேதி போட்ட புகைப்படம் வையுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

எங்கள் தெருமுனையில் மேன்ஹோல் மாதக்கணக்கில் பொங்கியது. மூன்று மனு கொடுத்தோம், பதில் இல்லை. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தத் தெருவில் கடைசியாக அடைப்பு எடுத்த தேதி என்ன, அதற்கு எவ்வளவு செலவானது?" என்று இரண்டே கேள்வி கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2005-ம் ஆண்டுச் சட்டம். பதில் இருபத்தெட்டாவது நாள் வந்தது: அடைப்பு எடுத்து முடித்துவிட்டதாக. அந்தத் தாளையும் பொங்கிக்கொண்டிருந்த மேன்ஹோல் படத்தையும் பகுதி சபையில் வைத்தோம். மறுவாரம் வண்டி வந்தது. பதில் தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ரோடு போட்ட மறுமாதமே தோண்டுகிறார்களே?

ரோடு ஒரு பிரிவு, குழாய் ஒரு பிரிவு, மின்சாரம் வேறு துறை. ரோடு வேலை வரப்போகிறது என்று தெரிந்ததும், தெருவில் பாக்கி இருக்கும் குழாய் வேலைகளின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அது முடியும்வரை தார் வேண்டாம் என்று தெருவே சேர்ந்து சொல்ல வேண்டும். ஆறு மாதம் புழுதி பறக்கும். பரவாயில்லை.

கூட்டத்தில் கட்சிச் சண்டை வந்துவிடுகிறதே?

வரத்தான் செய்யும். எங்கள் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். துண்டைத் திண்ணைக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. இப்போது பேசுகிறவர் முதலில் தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பேச்சு தெருவுக்குள்ளேயே நிற்கிறது.

அடுத்த பகுதி சபைக்கு நான் என்ன கொண்டுவர வேண்டும்?

வாக்காளர் அட்டை, வரி ரசீது இருந்தால் அது, பழைய மனுவின் ஒப்புகைச் சீட்டு. வருவதற்கு முந்தின வாரம் உங்கள் வீட்டில் எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்று காலண்டரில் குறித்து அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள். தெருவின் கடைசி வீட்டிலிருந்து வருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறோம்.